பதினேழா, பதினாறா: உப்புக் காற்றில் ஒரு பழைய லென்ஸ்

என் தங்கை மகன் பழைய கேனான் 6டி கேமரா ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கேமரா) பக்கம் மாறிப்போன ஒருவர் கொடுத்தது. ஃபுல் ஃபிரேம், அதாவது படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா, கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸ். அதை எடுத்துக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் போய் நின்றிருக்கிறான். 115 அடி உயரத் தூண்கள் வரிசைகட்டிப் பறளியாற்றைத் தாண்டிப் போகின்றன. இவன் படத்தில் ஒன்றரைத் தூண்தான் இருந்தது. அன்று இரவே நான்கு விளம்பரங்களை என் போனுக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி: “மாமா, இதில் எதை எடுக்கட்டும்?”

நான்கும் கைமாறி வரும் அகலக்கோண ஜூம் லென்ஸ்கள். பெயரில் முதலில் வருவது மி.மீ. கணக்கு, எண் குறைந்தால் காட்சி அகலம். எஃப் எண் துளையின் அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம். எல் என்பது உயர்தர வரிசை, ஐ.எஸ். என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. தோவாளையில் ஒருவரிடம் கேனான் 17–40 எஃப்/4 எல், 23,000 ரூபாய். திருவனந்தபுரத்தில் கேனான் 16–35 எஃப்/4 எல் ஐ.எஸ்., 44,000. நாகர்கோவிலில் கல்யாண வேலை செய்யும் ஒருவரிடம் கேனான் 16–35 எஃப்/2.8 எல், இரண்டாம் பதிப்பு, 46,000. நான்காவது டோக்கினா 16–28 எஃப்/2.8, வெளியூரிலிருந்து கூரியரில் வரும், 26,000. அவன் கையில் 45,000 இருந்தது. மனம் முழுக்க நான்காவதில் இருந்தது. விலையும் குறைவு, 2.8-உம் இருக்கிறது என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கு வேறு ஊரில் சரியாக இருக்கலாம். குமரி மாவட்டத்தில் லென்ஸ் வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது, அதன் முகத்தில் பில்டர் என்கிற மேல்கண்ணாடியைத் திருகிப் பூட்ட மரை இருக்கிறதா என்பதைத்தான்.

முட்டம் பாறைகளில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அலை பாறையில் மோதிச் சிதறுவது கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய சாரல் தெரியாது. பத்து நிமிடத்தில் லென்ஸ் முகத்தில் மங்கலாக ஒரு படலம் படிந்துவிடும். சூரியன் நேர் எதிரே எழும்போது அந்தப் படலம் முழுவதும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு படத்தை வெளுக்கடிக்கும். துடைத்தே ஆக வேண்டும். அந்தப் படலத்தில் இருப்பது தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை. உப்புப் பொடியும் சில நேரம் மணலும் சேர்ந்திருக்கும். சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான், கண்ணாடிப் பூச்சில் நிரந்தரக் கீறல். முகத்தில் பில்டர் இருந்தால் கீறல் பில்டருக்கு. சில ஆயிரத்தோடு போய்விடும். பழையதைக் கழற்றிப் போட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம்.

டோக்கினா 16–28-இன் முன்கண்ணாடி முட்டைக்கண் போல வெளியே பிதுங்கி நிற்கிறது. அதில் சாதாரணத் திருகு பில்டர் ஏறாது. டாம்ரான் 15–30 எஃப்/2.8-உம், பெயர் பெற்ற நிக்கான் 14–24 எஃப்/2.8-உம் இதே ஜாதி. ஸ்டூடியோவிலும் மலைப்பாதையிலும் இவை அருமையான லென்ஸ்கள். கடற்கரைப் பாறையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க அவற்றால் முடியாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. திற்பரப்பில் அருவித் தண்ணீரைப் பட்டுத்துணி போல வழியவிட்டு எடுக்க வேண்டும் என்பது இவனுடைய நெடுநாள் ஆசை. நிழலில் 1/60 நொடி வரும் இடத்தில் ஆறு ஸ்டாப் என்.டி. பில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) போட்டால் ஒரு நொடி கிடைக்கும். 77 மி.மீ. மரை உள்ள லென்ஸில் அது ஒரு திருகு வேலை. பிதுங்கிய கண்ணாடிக்கு 150 மி.மீ. அகலச் சதுரக் கண்ணாடியும் அதைத் தாங்கும் தனிச் சட்டமும் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் 26,000 ரூபாய் லென்ஸ் 26,000-இல் நிற்காது. எடையும் 950 கிராம். சிதறால் மலையில் அந்தச் சமணக் குடைவரை வரைக்கும் ஏறியவன் கழுத்து அதைச் சொல்லும்.

ஆக நான்காவது கழிந்தது. அவனுக்கு வருத்தம்தான்.

மற்ற மூன்றுக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. விளம்பரங்களில் ‘அகலக்கோணம், கேனானில் பொருந்தும்’ என்று போட்டு 10–18, 10–22 எண்களில் லென்ஸ்கள் மலிவாக வரும். அவை சிறிய சென்சார் கேமராவுக்கான இ.எஃப்.-எஸ். வகை, 6டி-யில் மாட்டவே மாட்டாது. வேறு கம்பெனிகளின் சிறு சென்சார் லென்ஸ்கள் மாட்டும். ஆனால் படத்தின் மூலைகள் கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பது போலக் கறுத்துவிடும். டோக்கினா 11–16-ஐ 16-இல் மட்டும் வைத்து ஒருவாறு சமாளிப்பவர்கள் உண்டு. ஒரே எண்ணில் நிற்பதற்கு எதற்கு ஜூம்?

மூலைக்கு மூலை அளந்தால் 50 மி.மீ. பார்ப்பது சுமார் 47 பாகை. 17 பார்ப்பது 104, 16 பார்ப்பது 108. ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு பாகை என்பது அகலப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். ஆனாலும் 17-இல் அடங்காத காட்சி 16-இல் அடங்கிவிட்டதாக என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு. ஓர் அடி பின்னால் போனால் தீர்ந்தது. மறுமுனையில் 35-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 40-இல் ஒரு மனிதரை அவர் முகம் இழுபடாமல் எடுக்கலாம். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை 17-இல் நெருங்கி எடுத்தால் பூக்கூடை பானையாகவும் ஆள் பொம்மையாகவும் ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன்: அகலக்கோண லென்ஸ் வந்துவிட்டால் திருவள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து பிரமாண்டமாக எடுக்கலாம் என்று நினைத்துவிடாதே. 133 அடிச் சிலை 17 மி.மீ.யில் தீக்குச்சி. அதற்கு 70–200 மி.மீ. தூரக்காட்சி லென்ஸ் வேண்டும். கண்ணாடிப் பாலத்தின் நடுவில் நின்றால்தான் 17-க்கு வேலை. 77 மீட்டர் பாலத்தின் ஒரு முனையில் விவேகானந்தர் பாறை, மறுமுனையில் காலடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் வள்ளுவர். அண்ணாந்து எடுக்கும்போது சிலை பின்பக்கம் சாய்வதும் நிச்சயம். சுசீந்திரம் கோபுரமும் இப்படித்தான் விழும். தெப்பக்குளத்தின் எதிர்க்கரைக்குப் போய் கேமராவைத் தலைநிமிர்த்தாமல் மட்டமாகப் பிடித்தால் 134 அடியும் நேராக நிற்கும், குளத்தில் நிழலும் விழும்.

இனி 2.8. இதைப் பற்றி இளைஞர்களிடம் பேசுவது சிரமம்.

எஃப்/4-க்கும் எஃப்/2.8-க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஸ்டாப். எஃப்/4-இல் 1/30 நொடி வரும் இடத்தில் 2.8-இல் 1/60 வரும், அல்லது ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400-க்குப் பதில் 3200. கல்யாண மண்டபத்தில் தாலி ஏறும் கணத்தில் அந்த ஒரு ஸ்டாப் பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். கோதையாறு மலைப்பக்கம் இருட்டில் பால்வெளியை எடுப்பவனுக்கும் அப்படியே. ஆனால் சூரிய உதயத்தை யாரும் 2.8-இல் எடுப்பதில்லை. முன்னால் பாறை, பின்னால் கடல், இரண்டும் துலக்கமாக வேண்டுமென்றால் எஃப்/8, எஃப்/11 என்றுதான் போக வேண்டும். அங்கே 46,000 ரூபாய் லென்ஸும் 23,000 ரூபாய் லென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். 2007-இல் வந்த இந்த இரண்டாம் பதிப்பு, துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் மூலைகளில் சொதசொதவென்றுதான் இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2016-இல் மூன்றாம் பதிப்பு வந்தது, அதன் விலை நம் பேச்சுக்கே வெளியே. பில்டர் மரையும் 82 மி.மீ.; பில்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி விலை ஏறும்.

அந்த 2.8 இரண்டாம் பதிப்புக்கு ஒரு அழகு உண்டு, அதை மறைக்கக் கூடாது. துளையைச் சுருக்கி எஃப்/16-இல் சூரியனையோ தெருவிளக்கையோ எடுத்தால் பதினான்கு கதிர்களோடு கூரான நட்சத்திரம் விரியும். துளையைச் சுருக்கும் தகடுகளைத்தான் இதழ் என்பார்கள். ஏழு இதழ்த் துளை என்றால் பதினான்கு கதிர். ஒற்றைப்படை இதழ்கள் இரட்டித்துக் காட்டும். 17–40-க்கும் அதே ஏழு இதழ்தான். ஒன்பது இதழ் கொண்ட 16–35 எஃப்/4-இல் பதினெட்டு. நட்சத்திரத்தின் கூர்மையில் 2.8-தான் முதல். அதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பது என் வழக்கம் இல்லை.

கல்யாணக்காரர் லென்ஸ் என்பதில் இன்னொரு சங்கடம். ஐந்தாறு வருடம் வாரத்துக்கு இரண்டு மண்டபம் ஏறி இறங்கிய பொருள் அது. ஜூம் வளையம் எத்தனை ஆயிரம் முறை திரும்பியிருக்கும்! அவர் நன்றாகப் பராமரித்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் தேய்மானம் தேய்மானம்தான்.

மிச்சம் இரண்டு எஃப்/4. இங்கேதான் எனக்கே தடுமாற்றம் வந்தது, ஏனென்றால் நான் வைத்திருப்பது 16–35 எஃப்/4 ஐ.எஸ். 2014-இல் வந்தது. எஃப்/4-இலேயே மூலை வரை துலக்கமாக எடுக்கும். 2003-இல் வந்த 17–40 அந்த வேலையை எஃப்/8 வரை சுருக்கிய பிறகுதான் செய்கிறது, அப்போதும் கடைசி மூலையில் கொஞ்சம் பிசுபிசுப்பு மிச்சம் இருக்கும். 6டி-யின் சென்சார் இரண்டு கோடிப் பிக்சல். அதில் இது பெரிதாகத் தெரியாது. நாளை ஐந்து கோடிப் பிக்சல் கேமரா வாங்கினால் தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போனால்தான் ஐ.எஸ்.-இன் அருமை தெரியும். மரச்சட்டங்களுக்கு நடுவே கசிந்து வரும் வெளிச்சம், கண்ணாடி போல மின்னும் கறுத்த தரை, மேலே செதுக்கு வேலைப்பாடு. கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். டிரைபாட் விரித்து நிற்கிற இடம் இல்லை. ஐ.எஸ்.-ஐப் போட்டு, மூச்சைப் பிடித்து, தூணில் தோள்பட்டையைச் சாய்த்து 1/4 நொடியில் எடுத்தால் எனக்கு மூன்றில் இரண்டு படம் கூர்மையாக வருகிறது. நான்கு ஸ்டாப் என்று கம்பெனி சொல்கிறது. அவ்வளவும் என் கைக்கு வருவதில்லை, மூன்று வருகிறது. 17–40-இல் அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் ஐ.எஸ். அசையாத பொருளுக்கு மட்டும்தான் உதவும். படியிறங்கும் ஆள் 1/4 நொடியில் புகையாகத்தான் வருவார். பழைய லென்ஸில் அது கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பாகமும்கூட.

எடையில் 17–40 அரைக் கிலோவுக்குள், மற்றது 615 கிராம். இரண்டுக்கும் 77 மி.மீ. பில்டர்தான். இரண்டிலுமே ஜூம் செய்யும்போது முன்கண்ணாடி கூட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். ஆகவே பில்டர் பூட்டினால்தான் தூசி, ஈரத் தடுப்பு முழுமையாகும் என்று கேனானே கையேட்டில் சொல்லியிருக்கிறது. பில்டர் இல்லாமல் கடற்கரையில் எடுத்த 17–40 என்றால் நான் தொடவே மாட்டேன்.

எனக்கு இந்த எச்சரிக்கை சும்மா வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு அகலக்கோண ஜூமை ஒருவரிடம் வாங்கினேன். வெளியே புதுப் பெண் மாதிரி இருந்தது. பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், தெளிவாகத் தெரிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மூன்றாவது கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை போலப் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி. பூஞ்சை பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது என்றார் மெக்கானிக். விற்றவர் அலமாரியில் தோல் பைக்குள்ளேயே இரண்டு மழைக்காலம் வைத்திருந்திருக்கிறார். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. இங்கே தோல் பைக்குள் இருக்கும் லென்ஸும் ஊறுகாய்ப் பானையும் ஒன்று.

ஆகையால் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறும் முன் பக்கத்தில் இருக்கிற தோவாளை லென்ஸைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். சாயங்காலம் நான்கரை மணி. விற்பவர் பழைய பத்திரிகைப் போட்டோகிராபர், கண் பார்வை மங்கியதால் விற்கிறார். கறுப்புப் பூச்சு இரண்டு இடத்தில் உரிந்து பித்தளை நிறம் தெரிந்தது. ஜூம் ரப்பர் சாம்பல் பூத்திருந்தது. பையன் முகம் சுளித்தான். எனக்கு அதில் கவலை இல்லை.

பின்பக்க மூடியைக் கழற்றி, கேமராவில் பூட்டும் மவுண்ட் வளையத்தின் நான்கு திருகுகளைத்தான் முதலில் பார்த்தேன். உப்புக் காற்று தின்ற லென்ஸில் திருகுத் தலையில் துரு இருக்கும். பில்டர் மரையில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. தொடர்புப் புள்ளிகள் பளபளப்பாக இருந்தன. மவுண்ட் ஓரத்தில் பொறித்திருந்த குறியீட்டில் முதல் இரண்டு எழுத்து யூ, டபிள்யூ. முதல் எழுத்து உட்சுனோமியா தொழிற்சாலை, அடுத்தது ஆண்டு. டபிள்யூ என்றால் 2008. அதன்பின் வந்த லென்ஸ்கள் பலவற்றில் இந்தக் குறியீட்டை எடுத்துவிட்டார்கள்.

ஜூம் வளையத்தைக் காதோரம் வைத்து மெதுவாகத் திருப்பினேன். மணல் போயிருந்தால் நரநரவென்று கேட்கும். கேட்கவில்லை, 24-க்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். பிறகு அவர் வீட்டு உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தோம். நேரே பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி புள்ளி புள்ளியாக இருக்கும், பூஞ்சை நூல் நூலாகக் கிளை விடும், மங்கல் பனிமூட்டம் போலப் பரவியிருக்கும். இதில் ஐந்தாறு தூசிப் புள்ளிகள். பதினைந்து வருடத்து லென்ஸில் அது கூட இல்லையென்றால்தான் யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கேமராவில் மாட்டி எஃப்/16-இல் வைத்து, துளை முன்னோட்டப் பொத்தானை 17, 24, 40 மூன்றிலும் அழுத்திப் பார்த்தோம். உள்ளே ஒயர் பழுதாகியிருந்தால் இந்த இடத்தில்தான் ‘எரர்’ என்று கேமரா அடம்பிடிக்கும். பிடிக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே சோதனை, அதற்கு எங்கள் பக்கம் இயற்கையே வசதி செய்து தந்திருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் நடந்து போனால் காற்றாலைகள். தூரத்து ஒற்றைக் காற்றாலை ஒன்றைத் தேர்ந்து, 17 மி.மீ., எஃப்/4-இல் அது படத்தின் இடது மேல்மூலையில் வருமாறு ஒரு படம், வலது மேல்மூலையில் வருமாறு இன்னொன்று, அப்படியே கீழ்மூலைகள் இரண்டும். ஒரே பொருள், ஒரே தூரம். நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த மூலை சோடை என்று தெரிந்துவிடும். கீழே விழுந்த லென்ஸில் உள்கண்ணாடி ஒருபுறம் சாய்ந்திருக்கும். நடுவில் எடுத்தால் பிடிபடாது, மூலையில் மறைக்க முடியாது. எங்கள் படங்களில் வலது மேல்மூலை மற்ற மூன்றைவிட ஒரு பிடி மங்கலாக இருந்தது. எஃப்/8-இல் நான்கும் ஒன்றாகிவிட்டன. அவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “இருபத்தோராயிரம் கொடுங்கள்” என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். 16–35-ஐப் பார்க்காமலே முடிவெடுப்பதா?

அவனிடம் சொன்னது இதுதான். “மக்களே, நீ வருடத்தில் அரண்மனைக்கு எத்தனை முறை போகிறாய்? ஒரு முறை. கடற்கரைக்கு? வாரம் ஒரு முறை. கடற்கரையில் டிரைபாட் இல்லாமல் எடுக்க மாட்டாய், டிரைபாட்டில் ஐ.எஸ்.-ஐ அணைத்துத்தான் வைப்பாய். மிச்சம் 24,000 இருக்கிறது. நல்ல டிரைபாட் ஒன்று, 77 மி.மீ. பாதுகாப்பு பில்டர் இரண்டு, ஆறு ஸ்டாப் என்.டி. ஒன்று, காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல்.” அரண்மனைக்கும் தேவாலயங்களுக்கும் உள்ளேயே சுற்றுகிற ஆளாக அவன் இருந்திருந்தால் அன்றிரவே திருவனந்தபுரத்துக்குக் கிளம்பச் சொல்லியிருப்பேன். மண்டபமே பிழைப்பு என்றால் நாகர்கோவில் 2.8.

நிக்கான் வைத்திருப்பவர்கள் இதே தர்க்கத்தில் 18–35 எஃப்/3.5–4.5 ஜி-யைப் பார்க்கலாம். 385 கிராம், 77 மி.மீ. மரை, 18-இல் தொடங்குவதை மன்னித்துவிடலாம். அவர்களுடைய 16–35 எஃப்/4 வி.ஆர். (ஐ.எஸ்.-க்கு நிக்கான் வைத்த பெயர்) நல்லதுதான், 16-இல் நேர்கோடு வளைவது அதிகம். தொடுவானம் கிண்ணமாகிவிடும், கணினியில் நிமிர்த்த வேண்டும். சோனிக்காரர்களுக்கு டாம்ரான் 17–28 எஃப்/2.8, 420 கிராமில் 2.8-உம் 67 மி.மீ. மரையும் சேர்ந்து கிடைக்கிறது. அதைப் பார்த்து இவன் பெருமூச்சு விட்டதைச் சொல்லத்தான் வேண்டும். கேனானில் நாளை மிரர்லெஸ் ஆர் கேமராவுக்கு மாறினாலும் இந்த இ.எஃப். லென்ஸ் அடாப்டரில் அப்படியே வேலை செய்யும். எல்லோரும் அங்கே மாறிக்கொண்டிருப்பதால்தான் பழைய லென்ஸ்கள் நம் கைக்கெட்டும் விலையில் தோவாளை வரைக்கும் வந்து கிடக்கின்றன.

டப்பாவுக்குள் அரிசி போட்டு வைக்கலாமா என்று அவன் அம்மா கேட்டாள். வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது கொஞ்சம், மாவுத் தூசி விடுவது நிறைய. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் சிலிக்கா ஜெல்தான் நல்லது. மாறியதும் வாணலியில் மிதமான தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். வறுத்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சிறிய மீட்டர் ஒன்றும் வைத்தோம்.

ஜூன் மூன்றாம் வாரம் அவன் போனில் ஒரு படம் அனுப்பினான். சொத்தவிளைக் கடலாக இருக்கும் என்று திறந்தேன். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒன்பதே நாளில் முழுக்கச் சிவந்து போயிருந்தது. கீழே: “மாமா, அம்மாவின் பழைய வாணலியைக் கேட்டால் தருவாளா?”